அரிக்கஞ்சட்டியும் ஆத்துத் தங்கமும்

எங்க வூட்டுக்காரரு ரிட்டையர் ஆகி வூட்ல உக்காந்தாரு. சும்மா இல்ல, போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்தாரு. அதுவரைக்கும் சிமென்ட் கம்பெனிக்குச் சுண்ணாம்புக் கல்லு லாரி ஓட்டினவரு. எங்க ரெட்டிபாளையத்துல தொவைச்சுக் காயப்போட்ட துணியைக்கூட ஒரு உதறு உதறிட்டுத்தான் மடிக்கணும், அவ்வளவு புழுதி. இத்தனை வருஷம் கல்லையும் மண்ணையும் சொமந்த மனுசன், ஓய்வு கெடைச்சதும் நாலு கோயிலு கொளம் பாப்பாருன்னு நெனச்சேன். அவரு போன்லயும் மண்ணையேதான் பாத்துக்கிட்டு இருந்தாரு.

என்ன கண்றாவின்னு எட்டிப் பாத்தேன். எந்த நாடோ தெரியல. ஒரு வெள்ளைக்காரரு ஓடையில முட்டி போட்டு, ஒரு தட்டுல மண்ணை அள்ளி ஆட்டிக்கிட்டே இருக்காரு. ஆட்டி ஆட்டி, கடைசியில தட்டு ஓரத்துல ஊசி முனையாட்டம் மஞ்சளா ஒண்ணு நிக்குது. அதுக்கு அந்தாளு குதிச்ச குதி இருக்கே! இவரு அதைப் பாத்துட்டு மெதுவா என் பக்கம் திரும்பினாரு. போச்சுடான்னு நெனச்சேன்.

"நம்ம கொள்ளிடத்துலயும் இருக்கும் புள்ள. மலையிலேருந்துதானே தண்ணி வருது?"

"மலையிலேருந்து தங்கமா வந்துச்சுன்னா, திருச்சிக்காரன் நமக்குன்னு வுட்டு வைப்பானா?"

காதுலயே வாங்கல. நாலு நாள் கழிச்சு ஒரு பார்சல் வந்துச்சு. உள்ள பச்சைக் கலர்ல ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஒரு பக்கம் மட்டும் உள்ளுக்குள்ள வரிவரியா படி வச்சிருக்கு. கையில வாங்கித் திருப்பிப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். "அட கடவுளே, இது அரிக்கஞ்சட்டிங்க! இதையா ஊரு விட்டு ஊரு வரவழைச்சீங்க?"

நான் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறவ. அரிக்கஞ்சட்டி தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். உள்பக்கம் வரி ஓடுற சட்டி அது. கல்லு கலந்த அரிசியை அதுல போட்டுத் தண்ணி ஊத்தி, ஒருபக்கமா சாய்ச்சு அலசி அலசி வுட்டா, அரிசி தண்ணியோட பக்கத்துக் குண்டானுக்குப் போயிரும். கல்லு கனமில்லையா, வரியில மாட்டி அடியில நின்னுடும். கடைசியா அந்தக் கல்லை ஒரே சுண்டுல வெளிய எறிஞ்சுட வேண்டியதுதான். மூட்டை மூட்டையா அரிசி என் கையில இப்படிப் போயிருக்கு. கண்ணை மூடிக்கிட்டுக்கூடச் செய்வேன்.

"அதேதான்"ன்னாரு அவரு. "ஆனா இதுல தலைகீழ். மேல மிதக்கறதை வுட்டுடணும், அடியில நிக்கறதை வச்சுக்கணும். மண்ணுலயே தங்கம்தான் கனம்."

ஞாயித்துக்கிழமை ஆனா கொள்ளிடக் கரைக்கு, திருமழபாடிக்குக் கெளம்பிடுவாரு. மொத ரெண்டு வாரம் நான் போவல. மூணாவது வாரம், இந்த மனுசன் தண்ணியில வழுக்கி விழுந்து கெடந்தா யாரு பாக்கறதுன்னு புளிச்சோறு கட்டிக்கிட்டு வண்டியில பின்னாடி ஏறிட்டேன். மத்தவங்ககிட்ட அப்படித்தான் சொன்னேன். உண்மையில, வூட்ல ஒத்தையில உக்காந்து சலிச்சுப் போச்சு.

கோடையில கொள்ளிடம் ஒரே மணல்காடா கெடந்துச்சு. கரையோரமா ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணி. இவரு அங்க போயி கண்ட எடத்துல மண்ணை அள்ளல. தண்ணி வளையிற எடத்துல உள்வளைவு, பாறைக்குப் பின்பக்கம், மரவேரு தடுக்கிற எடம்னு தேடித் தேடித்தான் அள்ளினாரு. தண்ணி வேகம் கொறையிற எடத்துலதான் கனமானது தங்குமாம். அள்ளின மண்ணைச் சல்லடையில சலிச்சு, பருங்கல்லை ஒதுக்கிட்டு, மிச்சத்தைத் தட்டுல போட்டுத் தண்ணிக்குள்ளயே வச்சுக் குலுக்கணும். அப்பதான் கனமானது அடிக்குப் போவும். அப்பறம் சாய்ச்சு மேல் மணலைக் கொஞ்சம் கொஞ்சமா வுடணும். கடைசியில மை மாதிரி கருமணல் ஒரு கை நிக்கும். தங்கம் இருந்தா அதுலதான் இருக்கும்.

ஆரம்பத்துல அவருக்குக் கை பழகல. மண்ணோட சேந்து எல்லாமே ஓடிடும். அதுக்கு ஒரு வழி வச்சிருந்தாரு. மீன் வலையில கட்டற ஈயக்குண்டை வாங்கி, சுத்தியால தட்டிச் சப்பையாக்கி, மண்ணோட கலந்து அலசுவாரு. ஈயம் தட்டுல நின்னா கை சரியாப் போவுதுன்னு அர்த்தம். மொத தடவை போட்டதுல பாதி ஆத்தோட போச்சு. "குடுங்க இங்க"ன்னு தட்டைப் புடுங்கி நான் அலசிக் காமிச்சேன். அத்தனை ஈயமும் வரியில வரிசையா நிக்குது. "பத்தாயிரம் புள்ளைக்கு அரிசி களைஞ்ச கைங்க இது"ன்னேன். அவரு மொகத்தைப் பாக்கணுமே!

கரையில ஆடு மேய்க்கிற ஒரு ஆளு எங்களை ரொம்ப நேரமா மொறைச்சுக்கிட்டு நின்னாரு. "மண்ணு அள்றீங்களா?"ன்னு வந்துட்டாரு சண்டைக்கு. அவரு கோவத்துலயும் ஞாயம் இருக்கு. லாரி லாரியா மணல் போனதைப் பாத்த ஊருக்காரங்க. "ஒரு சட்டி மண்ணுங்க. அலசிட்டு எடுத்த எடத்துலயே கொட்டிடறோம்"னு இவரு தட்டைக் காமிச்சாரு. அந்த ஆளு குந்தி உக்காந்து முழுசா ஒரு தட்டு அலசறதைப் பாத்தாரு. பாத்துட்டு, "பைத்தியமா நீங்க?"ன்னு மரியாதையாவே கேட்டுட்டுப் போயிட்டாரு.

ஒருநாள் இவரு "புள்ள! ஓடியா!"ன்னு கத்தினாரு. ஓடிப் போயிப் பாத்தா தட்டு முழுக்க தகதகன்னு மின்னுது. எனக்குமே ஒரு நிமிசம் நம்பத் தோணுச்சு. தட்டை அப்படியே என் நிழலுக்குள்ள இழுத்துப் பாத்தேன். மின்னறதெல்லாம் அணைஞ்சு போச்சு. ஊசியால குத்தினா ஏடு ஏடா பிரியுது. "காக்காப்பொன்னுங்க. சின்னப் புள்ளையில இதைப் பொறுக்கித்தான் பொம்மைக்கு நகை போட்டோம்." அவரு அதையும் கொட்ட மனசில்லாம ரொம்ப நேரம் வச்சுக்கிட்டு இருந்தாரு.

ஒரு பொட்டுத் தங்கம் கெடைக்கல. ஆனா சொல்லித்தான் ஆவணும், அந்த ஞாயித்துக்கிழமைங்க எனக்கு ரொம்பப் புடிச்சுது. தண்ணியில காலை வுட்டுக்கிட்டு, புளிச்சோத்தைக் கையில உருட்டிச் சாப்புட்டுக்கிட்டு, அவரைக் கிண்டல் பண்ணிக்கிட்டு. லாரி ஓட்டின காலத்துல இந்த மனுசன் மொகத்தை வெளிச்சத்துல முழுசா ரெண்டு மணி நேரம் நான் பாத்ததில்ல. போகப் போக எனக்கு அந்தப் பிளாஸ்டிக் தட்டு தோதுப்படல. வூட்லேருந்து என் அரிக்கஞ்சட்டியையே எடுத்துக்கிட்டுப் போவ ஆரம்பிச்சேன்.

ஆடிப் பதினெட்டு வந்துச்சு. வருஷா வருஷம் வூட்லயே தாலிக்கயிறு மாத்திக்கிறவ, அந்த வருஷம் ஆத்தங்கரைக்கே போனேன். நமக்குத்தான் ஆறு சொந்தமாயிடுச்சே! கரை நெறைய தண்ணி, படித்துறை நெறைய பொம்பளைங்க. காப்பரிசி, காதோலை கருகமணி, பூவு, குலவைச் சத்தம். எனக்கு ஒரே குதூகலம்.

என் கயித்துல நடுவுல தாலி. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு தங்கக் குண்டு, ஒவ்வொரு பவளம். தாலி அவங்க வூட்டுது. குண்டு ரெண்டும் எங்கம்மா போட்டது. என் கல்யாணத்துக்கு வேற வழியில்லாம, காதுல கெடந்த தோட்டை அழிச்சு அந்தக் குண்டைச் செஞ்சுச்சு. அதுக்கப்பறம் சாவற வரைக்கும் எங்கம்மா காதுல வேப்பங்குச்சிதான். அம்மாவோட ஒரு போட்டோகூட எங்கிட்ட கெடையாது. அந்தக் குண்டு ரெண்டுதான் இருக்கு.

வெறுங்கழுத்தா இருக்கக் கூடாதுன்னு ஒரு மஞ்சக்கிழங்குத் துண்டைக் கயித்துல கோத்துக் கழுத்துல கட்டிக்கிட்டு, பழசை அவுத்தேன். வருஷம் பூரா மஞ்சளும் வேர்வையும் ஏறி கயிறு வெறைச்சுப் போயிருந்துச்சு. அந்தண்ட இந்தண்ட முடிச்சு வேற. கண்ணாடியை வூட்ல வச்சுட்டு வந்துட்டேன். பின்னாடி நிக்கிறவங்க "அக்கா, கொஞ்சம் சீக்கிரம், எங்களுக்கும் எடம் வுடுங்க"ன்னு நெருக்கறாங்க. பல்லால கடிச்சு முடிச்சை அவுத்து, தடவித் தடவியே புதுசுல கோத்துட்டேன். பழைய கயித்தைப் பூவோட சேத்துக் கும்புட்டு, கடைசிப் படியிலேருந்து தண்ணியில வுட்டேன். மத்தவங்களுது மிதந்து போவுது, என்னோடது டபக்குனு உள்ள போச்சு. அப்பவும் எனக்கு உறைக்கல.

மறுநா காலையில மஞ்ச தேய்ச்சுக் குளிக்கும்போது கை கழுத்துக்குப் போச்சு. ஒருபக்கம் குண்டும் பவளமும். இன்னொரு பக்கம் பவளம் மட்டும்.

சோப்பு நுரையோட வெளிய வந்து ஒரு ஆட்டம் ஆடினேன் பாருங்க! "உங்க ஆத்துக் கிறுக்காலதான். வூட்லயே மாத்தியிருந்தா இது நடந்திருக்குமா?" அக்கம்பக்கத்துல ஒத்தைக் குண்டோட இருக்காதே, நல்லதில்லன்னாங்க. புதுசு வாங்கிடலாம்னு அவரும் சொன்னாரு. "எங்கம்மா தோட்டை எந்தக் கடையில விக்கிறான்?"னு கேட்டேன். நான் சோறு வடிக்கும்போது அழுதேன். அரிசி களையும்போது அழுதேன். அம்மா செத்தப்பகூட நான் அவ்வளவு அழல.

ஒருநாள் அவரு பக்கத்துல வந்து உக்காந்தாரு. "நீ வுட்ட கயிறு மிதந்துச்சா, முங்குச்சா?"

"டபக்குனு முங்குச்சு."

"பூவோட சேந்து இழுத்துக்கிட்டுப் போவலையே?"

"இல்லன்னு சொல்றேன்ல, சும்மா நோண்டாதீங்க."

அவரு மொகம் மலந்துச்சு. "அப்ப அங்கதான் இருக்கு புள்ள. தங்கம் லேசுல நவராது. கயிறு மக்கிப் போயிரும், குண்டு அடிக்குத்தான் எறங்கும். இத்தனை நாளா தங்கம் இருக்கான்னு தெரியாத ஆத்துல தேடினேன். இப்பதான் இருக்குன்னு தெரிஞ்ச எடத்துல தேடப் போறேன்."

தண்ணி வடியற வரைக்கும் காத்திருந்தோம். நல்ல காலம், அந்த வருஷம் பெரிய வெள்ளம் வரல. ஆனாலும் ஐப்பசி மழை ராவுல கொட்டினப்பல்லாம் எனக்குத் தூக்கம் வராது, அவருக்கும் வராது. மாசியிலதான் படித்துறைக்குக் கீழ மணல் தெரிஞ்சுது. மறுபடியும் புளிச்சோறு, சல்லடை, தட்டு. இந்தத் தடவை கிண்டல் இல்ல. கடைசிப் படியிலேருந்து ஆரம்பிச்சு, கயிறு புடிச்சுக் கட்டம் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டமா அலசினாரு. வளையல் துண்டு வந்துச்சு, ஊக்கு வந்துச்சு, சில்லறை வந்துச்சு. சில்லறையைக் கோயில் உண்டியல்ல போட்டுட்டோம். ஒவ்வொரு தட்டு முடியும்போதும் குனிஞ்சு பாத்துட்டு நிமிந்துடுவேன்.

வாரம் போவப் போவ எனக்கு நம்பிக்கை கொறைஞ்சுது. "போதுங்க. ஆறு எடுத்துக்கிச்சு. வுட்டுடுங்க"ன்னு ஒருநாள் சொல்லிட்டேன்.

"அந்தப் படி மூலையை இன்னும் பாக்கல"ன்னாரு. அங்க ஒரு பெரிய கல்லு கெடந்துச்சு. அதைப் பொரட்டித் தள்ளிட்டு, கீழ இருந்த மண்ணை என் சட்டியில பாதி, அவரு தட்டுல பாதியா போட்டாரு.

நான் சட்டியைத் தண்ணியில முக்கி அலச ஆரம்பிச்சேன். அவரு சட்டை பூரா சேறு. முந்தின நாள்தான் தொவைச்ச சட்டை அது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஆத்துக்கு வர்றதுக்கு நல்ல சட்டைதான் கெடைச்சுதா? கிழிஞ்சது ரெண்டு கொடியில தொங்குதே, அது கண்ணுல படாதா? தொவைக்கறவளுக்குத்தானே வலி?" வாய் அது பாட்டுக்குப் போவுது, கை அது பாட்டுக்கு அலசுது. மேல் மணல் போச்சு. நடு மணல் போச்சு. கருமணல் மட்டும் அடியில நின்னுச்சு. நான் அவரைப் பாத்து "அந்தக் கொடியிலதான்..."னு சொல்லிக்கிட்டே, அடியில நின்னதை ஒரே சுண்டுல பின்பக்கம் எறிஞ்சுட்டேன்.

அரிசிக் கல்லை எறியறாப்புல.

எறியும்போதுதான் கண்ணு பாத்துச்சு. கருப்புக்கு நடுவுல பளிச்சுனு ஒரு மஞ்ச, உருண்டையா. தோளுக்கு மேல பறந்து போயி முட்டி ஆழத் தண்ணியில விழுந்துச்சு.

"ஐயோ! ஐயோ, அம்மா!" தலையில அடிச்சுக்கிட்டேன். "என் கையில கொள்ளி வைக்க! எறிஞ்சுட்டேங்க! கையில வந்ததை எறிஞ்சுட்டேன்!"

இந்த மனுசன் கத்துவாருன்னு பாத்தா, என்னைப் பாக்கறாரு, சட்டியைப் பாக்கறாரு. பாத்துட்டு சிரிக்க ஆரம்பிச்சாரு. சிரிச்சு சிரிச்சு தண்ணிக்குள்ளயே உக்காந்துட்டாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சட்டியாலயே ஒண்ணு போட்டிருப்பேன்.

"அழுவாத புள்ள. ஆறு பூரா தேடினோம். இப்ப ஒரு எறி தூரத்துக்குள்ள இருக்கு. அசையாத. உக்காந்த எடத்துலயே உக்காரு." கண்ணைத் தொடைச்சுக்கிட்டு எழுந்து வந்தாரு. "அந்த இன்னொரு குண்டைக் கழட்டிக் குடு, அதே மாதிரி எறிஞ்சு பாக்கலாம்."

"வாயைக் கழுவுங்க!"

"சும்மா சொன்னேன்"னுட்டு, பையிலேருந்து ஈயத்துண்டை எடுத்தாரு. என் சட்டியில மண்ணும் ஈயமும் போட்டாரு. "களை. களைஞ்சு எறி."

களைஞ்சேன். எறிஞ்சேன். அது பக்கத்துலயே பொத்துனு விழுந்துச்சு. அவரு தலையாட்டினாரு. "இது நீ யோசிச்சு எறியற எறி. அது யோசிக்காம எறிஞ்சது. என்னைத் திட்டிக்கிட்டே களை."

"இப்ப எப்படிங்க திட்டறது?"

"தெனமும் எப்படித் திட்டுவியோ அப்படித்தான். சட்டையிலேருந்து ஆரம்பி."

சட்டையிலேருந்து ஆரம்பிச்சேன். மொதல்ல வாயே வரல, அழுகைதான் வருது. அப்பறம் பழசெல்லாம் ஞாபகம் வந்துச்சு. மழை நாள்ல என்னை பஸ் ஸ்டாண்டுல நிக்க வச்சுட்டு மறந்து போனது, எங்க அண்ணன் வூட்டு விசேஷத்துக்குக் கடைசி பந்திக்கு வந்தது. கோவம் சூடு புடிச்சதும் கை தன்னால சுண்டிச்சு. ஈயம் தோளுக்கு மேல பறந்துச்சு. விழுந்த எடத்துல அவரு ஒரு குச்சியை நட்டாரு. "அப்படித்தான். இன்னொண்ணு. அந்தப் பந்தி விஷயம் நல்லா போச்சு, அதையே சொல்லு." சொன்னேன். இன்னொரு குச்சி. கரையில ஆடு மேய்க்கிறவரு வந்து நின்னு, இந்தப் பொம்பளை எதுக்குப் புருசனைத் திட்டித் திட்டி ஈயம் எறியுதுன்னு வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு இருந்தாரு.

குச்சிங்களுக்கு நடுவுல ஒரு முறம் அளவுக்குத்தான் எடம். அந்த மண்ணை ஆழமா அள்ளினாரு. மொதல் தட்டுல ஈயம் ரெண்டு நின்னுச்சு. அடுத்த தட்டை அவரு அலசற அலசுல இருந்த நிதானம் இருக்கே, அவ்வளவு நிதானமா அவரு லாரியைக்கூட ஓட்டியிருக்க மாட்டாரு. நான் பாக்கவே இல்ல. திருமழபாடி சாமி கோபுரத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

"இந்தா"ன்னாரு.

தட்டுல கொஞ்சமா தண்ணி. கருமணல் விசிறி மாதிரி விரிஞ்சு கெடக்கு. அதோட நுனியில எங்கம்மா குண்டு. அவரு தொடல. "நீயே எடு"ன்னு தட்டை நீட்டினாரு. கல்லுக்கடியில கெடந்து ஒருபக்கம் நசுங்கிப் போயிருந்துச்சு. உள்ள இருந்த அரக்குகூடக் கொஞ்சம் உதுந்துடுச்சு. எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். அழுவறேனா சிரிக்கறேனான்னு எனக்கே தெரியல. முந்தானையில முடிஞ்சு, அந்த முடிச்சைக் கையில புடிச்சுக்கிட்டே வண்டியில வந்தேன்.

வர்ற வழியில அவரு சொன்னாரு, "இது ஆத்துத் தங்கம் இல்ல புள்ள. கடைத் தங்கம். என் கணக்குல சேராது. நான் இன்னும் ஒரு பொட்டுகூட எடுக்கல."

நல்ல நாள் பாத்து, கண்ணாடி போட்டுக்கிட்டுக் கோத்துக்கிட்டேன். ஆசாரிகிட்ட குடுத்து நிமித்திடலாம்னு அவரு சொன்னாரு. வேணாம்னுட்டேன். "அது ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாத்தானே லட்சணம்? உங்கம்மா குடுத்த மாதிரி?"ன்னு கேட்டாரு.

"ரெண்டும் அம்மா குடுத்ததுன்னு யாரு சொன்னது?"ன்னேன். "நல்லா இருக்கறது அம்மா போட்டது. நசுங்கினது நீங்க எடுத்துப் போட்டது."